சிவப்பு கீ வரிசை: பழைய ஹோம் கம்ப்யூட்டர்கள் ஏன் அப்படி இருந்துச்சு?

இந்த வாரம் பழைய ஹோம் கம்ப்யூட்டர்களைப் பத்திப் பேசப்போறோம். எவ்வளவு வேகம், எவ்வளவு மெமரின்ற கணக்கெல்லாம் ஓரமா வரும். நான் பேச நினைக்கிறது அதோட தோற்றத்தை. அது பார்க்க ஏன் அப்படி இருந்துச்சு, இப்பவும் ஏன் கண்ணை இழுக்குதுன்றதை.

இந்த எபிசோடு எங்க வீட்டு சமையல்கட்டுல ஆரம்பிச்சது. நான் டைனிங் டேபிள்ல உக்காந்து மொபைல்ல பிபிசி மைக்ரோன்னு ஒரு பிரிட்டிஷ் கம்ப்யூட்டரோட படத்தைப் பார்த்துட்டிருந்தேன். அம்மா தோசைத் தட்டை வைக்க வந்தவங்க எட்டிப் பார்த்துட்டு, "டேய், இது எங்க ஸ்கூல்ல இருந்துச்சு"ன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. அம்மா எண்பதுகள்ல திருச்சியில ஸ்கூல் படிச்சவங்க. காலேஜ்ல பி.காம். கம்ப்யூட்டரைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. "எப்படிம்மா அடையாளம் தெரிஞ்சுது?"ன்னு கேட்டேன்.

"அந்த சிவப்பு கீ வரிசைதான். அதை மறக்க முடியுமா?"

சரி, அதுல என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். "ஒன்னும் பண்ணல. ஒரு மெஷின், இருபது பேரு. பசங்க முன்னாடி உக்காந்துப்பாங்க. நாங்க பின்னாடி நின்னு பார்ப்போம். எங்க முறை வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும்." சொல்லிட்டு அடுத்த தோசை ஊத்தப் போயிட்டாங்க.

எனக்கு அந்தத் தோசை இறங்கல. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழிச்சு, ஒரு தடவைகூடத் தொடாத மெஷினை ஒருத்தவங்க நிறத்தை வச்சு அடையாளம் சொல்றாங்க. நான் தினமும் பத்து மணி நேரம் தட்டுற லேப்டாப்பை, நாலு லேப்டாப் நடுவுல வச்சா ஸ்டிக்கர் இல்லாம என்னால கண்டுபிடிக்க முடியாது.

அம்மா சொன்னது உண்மையா இருக்க வாய்ப்பு இருந்துச்சு. 1984-ல இந்திய அரசு பள்ளிகள்ல கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க கிளாஸ்-ன்னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சாங்க. அதுக்குத் தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். இங்கே எஸ்சிஎல் யூனிகார்ன்ற பேர்லயும் அது வந்துச்சு. ஆனா பிபிசி மைக்ரோவுக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி ஒரு ஏழெட்டு வருஷம் பின்னாடி போகணும்.

1975-ல அமெரிக்காவுல ஆல்டேர் 8800 வந்துச்சு. அது ஒரு உலோகப் பெட்டி. முன்பக்கம் பூரா சுவிட்ச், சின்னச் சின்ன சிவப்பு விளக்கு. நீங்களே சோல்டர் பண்ணிச் சேர்க்கணும். கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. பார்க்கிறதுக்கு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல இருக்கிற டெஸ்டிங் உபகரணம் மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும். ஆனா அதைக் கொண்டுவந்து வீட்டு ஹால்ல வச்சா வீட்ல என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1977-ல ஆப்பிள் 2 வந்தப்போ இந்தக் கேள்வியைத்தான் முதல்ல கையில எடுத்தாங்க. ஜெர்ரி மேனாக்-ன்ற டிசைனர் ஒரு பிளாஸ்டிக் உடம்பு வரைஞ்சார். வெளிர் பழுப்பு நிறம், முன்பக்கம் சரிஞ்சு இறங்குற வடிவம், விளிம்பெல்லாம் மழுங்கல். ஸ்டீவ் ஜாப்ஸ் கடையில ஒரு ஃபுட் ப்ராசஸரைப் பார்த்துட்டுத்தான் இப்படி ஒன்னு வேணும்னு நினைச்சார்னு அவரோட வாழ்க்கை வரலாற்றுல வருது. நம்ம ஊர் கணக்குல சொன்னா, மிக்ஸி பக்கத்துல வச்சா மிக்ஸிக்கு சொந்தக்காரன் மாதிரி இருக்கணும். அதே மெஷினோட மூடியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாம கையாலயே தூக்கலாம், உள்ளே எட்டு ஸ்லாட். வெளியே பார்த்தா சமையலறைப் பொருள், திறந்தா வொர்க்‌ஷாப். இப்ப அந்தக் கம்பெனி பண்ற பொருளை நீங்க திறந்து பார்க்க முயற்சி பண்ணியிருக்கீங்களா? நான் பண்ணியிருக்கேன். அது வேற எபிசோடு.

அதே வருஷம் வந்த கமோடோர் பெட் முழுக்க வளைச்ச தகடு. சரிவகமா ஒரு மானிட்டர், கோணல் கோணலா ஒரு உடம்பு, ஏதோ விண்வெளிப் படத்துக்கு செட் போட்ட மாதிரி இருக்கும். காரணம் விண்வெளி இல்ல. கமோடோர்கிட்ட கனடாவுல ஆபீஸ் ஃபர்னிச்சர் பண்ற ஃபேக்டரி இருந்துச்சு. ஃபைல் கேபினட் செய்யத் தெரிஞ்ச ஆட்கள், தகடு வளைக்கிற மெஷின், எல்லாம் ரெடி. அதனால கம்ப்யூட்டரும் தகட்டுல வந்துச்சு. 1979-ல வந்த அட்டாரி 800-க்கு ஒரு சட்டம்தான் டிசைனர்னு சொல்லலாம். டிவியோட நேரா இணைக்கிற எந்த மெஷினும் ரேடியோ அலையைக் கசியவிடக் கூடாதுன்னு அமெரிக்காவுல அப்போ கடுமையான விதி. அதனால உள்ளே கனமான வார்ப்பு அலுமினியக் கூடு வச்சாங்க. வெளியே அந்தக் கனத்துக்கு ஏத்த மாதிரி ஒரு டைப்ரைட்டர் உடம்பு.

அந்தக் காலத்து மெஷின்கள் ஒன்னோட ஒன்னு இவ்வளவு வித்தியாசமா இருந்ததுக்கு இதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர்னா எப்படி இருக்கணும்னு யாருக்கும் தெரியாது. பார்த்துக் காப்பி அடிக்க முன்மாதிரி இல்ல. அவங்கவங்க கையில இருந்த ஃபேக்டரி, பணம், சட்டச் சிக்கல் எல்லாம் நேரா உருவமா மாறிச்சு.

ஒரு விஷயம் மட்டும் நிறைய மெஷின்ல பொதுவா இருக்கும். கீபோர்டுக்குள்ளயே கம்ப்யூட்டர். திரை உங்க வீட்டு டிவி, டேட்டா சேமிக்க உங்க வீட்டு கேசட் பிளேயர். கம்பெனி விக்கிறது நடுவுல இருக்கிற அந்த ஒரு துண்டு மட்டும்தான். அந்த ஆப்பு வடிவமும் இதுல இருந்து வர்றதுதான். விரல் இருக்கிற முன்பக்கம் தாழ்வா இருக்கணும், பின்பக்கம் கேபிள் சொருகுற இடங்களுக்கும் போர்டுக்கும் உயரம் வேணும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல தரையில உக்காந்து அடிக்கிற பொருள் அது. அதனால மேலேயிருந்து பார்க்கும்போது நல்லா இருக்கணும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச மெஷினுக்கு வரேன். இங்க நான் கொஞ்சம் ஓவரா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

1982 ஏப்ரல்ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த சின்க்ளேர் ரிசர்ச் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு கம்ப்யூட்டரை அறிவிச்சாங்க. 16கே மாடல் 125 பவுண்டு, 48கே மாடல் 175 பவுண்டு. அகலம் சுமார் 23 சென்டிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. கறுப்பு உடம்பு, சாம்பல் நிற ரப்பர் கீ, வலது மூலையில குறுக்கா சிவப்பு, மஞ்சள், பச்சை, சியான்னு நாலு பட்டை. டிசைன் பண்ணின ரிக் டிக்கின்சனுக்கு அப்போ இருபதுகளின் நடுப்பகுதி. என்னைவிட சின்ன வயசு. இதுக்கு முன்னாடி அவர் பண்ணின இசட்எக்ஸ்81 பிரிட்டிஷ் டிசைன் கவுன்சில் விருது வாங்கியிருந்துச்சு. நான் அந்த வயசுல லாகின் பட்டனோட பேடிங்கை சரி பண்ணிட்டிருந்தேன்.

ரப்பர் கீயை அப்போ எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. உண்மையைச் சொன்னா, தட்டுறதுக்கு அது சுமார்தான். அழுத்தினா பிணத்தோட தோலைத் தொட்ட மாதிரி இருக்குன்னு ஒரு பேச்சு உண்டு. ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. சாதாரண கீபோர்டுல ஒவ்வொரு கீக்கும் தனி மூடி, ஸ்பிரிங், சுவிட்ச். நாற்பது கீன்னா நூத்துக்கும் மேல பாகம். ஸ்பெக்ட்ரம்ல நாற்பது கீயும் சேர்ந்து ஒரே ரப்பர் ஷீட். அடியில ஒரு மெம்பிரேன். மேலே ஓட்டை போட்ட ஒரு மெல்லிய உலோகத் தகடு, அந்த ஓட்டை வழியா ரப்பர் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான் கீபோர்டு. அந்த 125 பவுண்டு விலை இந்த மாதிரி இடத்துல இருந்துதான் வருது. விலையைக் குறைக்கப் பண்ணினதுதான், ஆனா அதுக்கு அவர் கொடுத்த முகம் பாருங்க, மலிவுன்னு தோணாது. வேணும்னேதான் இப்படிப் பண்ணியிருக்காங்கன்னு தோணும்.

அந்தத் தகட்டு மேலதான் அசல் விருந்தே. ஸ்பெக்ட்ரம்ல பேசிக் மொழியோட கட்டளைகளை எழுத்து எழுத்தா அடிக்கத் தேவையில்ல. ஒரு கீக்கு ஒரு முழுக் கட்டளை. பி கீயை அழுத்தினா பிரிண்ட்னு முழு வார்த்தையும் திரையில வரும். அதே கீல இரட்டை மேற்கோள் குறி இருக்கு, டேப் இருக்கு, காப்பிரைட் குறி இருக்கு. ஒரே கீக்கு நாலஞ்சு வேலைன்னா, எது எப்போ வரும்னு எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? நிறத்தை வச்சு. கீ மேலயே வெள்ளையில ஒன்னு, அதுலயே சிவப்புல ஒன்னு, கீக்கு மேலே தகட்டுல பச்சையில ஒன்னு, கீழே சிவப்புல ஒன்னு. எந்த ஷிஃப்டுக்கு எந்த நிறம்னு பழகிட்டா கண்ணு தானா தேடிப்போகும். எண் வரிசையில 1-க்கு மேலே ப்ளூன்னு நீலத்துல, 2-க்கு மேலே ரெட்னு சிவப்புலன்னு, நிறத்தோட பேரை அந்த நிறத்துலயே அச்சடிச்சிருப்பாங்க. பார்க்கிறவங்களுக்கு அலங்காரம். உபயோகிக்கிறவங்களுக்கு மேனுவல்.

அந்த நாலு வானவில் பட்டையும் அப்படித்தான். முன்னாடி வந்த இசட்எக்ஸ்81 கறுப்பு வெள்ளை மெஷின். இந்த மெஷின்ல கலர் வந்துச்சுன்னு கடை அலமாரியில, பவர் போடாமலே சொல்லணும். நாலு பட்டை அதைச் சொல்லிடுச்சு.

சின்க்ளேர் எப்பவுமே நேர்மையா இருந்தாங்கன்னு நான் சொல்லல. 1980-ல வந்த இசட்எக்ஸ்80-ல பின்பக்கம் காத்து போறதுக்கு வரிசையா பிளவு இருக்கிற மாதிரி தெரியும். அது பிளவே இல்ல, மூடின பள்ளம், சும்மா கறுப்பா காட்டியிருப்பாங்க. சூடு அதுவழியா வெளியே போகவே முடியாது. பின்னாடி வந்த ஸ்பெக்ட்ரம் 128-ல நேர்மாறு. சூட்டைத் தணிக்க ஒரு பெரிய ஹீட்சிங்க்கை வலது பக்கம் வெளியவே துருத்திட்டு நிக்க விட்டாங்க. ஜனங்க அந்த மாடலுக்கு டோஸ்ட் ரேக்னு பேர் வச்சாங்க. பொய் பிளவைவிட அந்த ஹீட்சிங்க் எனக்கு அழகு.

தோற்றம்னு பேசும்போது திரையை விட முடியாது. ஸ்பெக்ட்ரம் கேம் ஸ்கிரீன்ஷாட் பார்த்தா ஒரு நொடியில கண்டுபிடிச்சிடலாம். ஒரு பாத்திரம் நகரும்போது பின்னாடி இருக்கிற செடியோட நிறம் அவன் மேல ஒட்டிக்கும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, சிம்பிள்தான். திரை 256-க்கு 192 புள்ளி. மொத்தம் 49,152. ஒரு புள்ளிக்கு 4 பிட் நிறம் கொடுத்தா 24,576 பைட் வேணும். 16கே மாடல்ல மொத்த ரேமே 16,384 பைட். அதாவது படத்துக்கே இடம் பத்தாது. அதனால புள்ளி ஆனா ஆஃபான்றதுக்கு மட்டும் ஒரு பிட், 6,144 பைட். நிறத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டத்துக்கு ஒன்னுன்னு தனியா வச்சாங்க. 32-க்கு 24 கட்டம், 768 பைட். ஆக மொத்தம் 6,912 பைட்டுல ஒரு கலர் திரை! விலை என்னன்னா, ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு நிறம்தான் இருக்க முடியும். மூணாவது நிறம் உள்ளே வந்தா பழசு ஒன்னு அழியும். அந்தக் கால ஆர்ட்டிஸ்டுகள் இதைச் சமாளிக்க கறுப்புப் பின்னணி, ஒத்தை நிறப் பாத்திரம், கட்டத்துக்கு அடங்குற செங்கல்னு ஒரு பாணியையே உருவாக்கினாங்க. இன்னைக்கு அந்த பாணிக்காக மெனக்கெட்டு கேம் பண்றவங்க இருக்காங்க.

இதோட அடுத்த மாடல் ஸ்பெக்ட்ரம் பிளஸ் எண்பதுகளின் பிற்பகுதியில இந்தியாவுலயும் டெசிபெல்ஸ்ன்ற கம்பெனி லைசென்ஸ் வாங்கி வித்துச்சு. அதுல ரப்பர் போய் கெட்டி பிளாஸ்டிக் கீ வந்துடுச்சு, வானவில் இருந்துச்சு. டிக்கின்சன் 2018-ல காலமானார். அதுக்கு முன்னாடி ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர்ல பணம் போட்ட ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்டோட உடம்பை அவரே வரைஞ்சு கொடுத்திருந்தார். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு தன்னோட டிசைனுக்கே அடுத்த வெர்ஷன். அது ஜனங்க கைக்கு வந்தப்போ அவர் இல்ல.

சரி, அம்மாவோட மெஷினுக்கு வருவோம்.

பிபிசி மைக்ரோ 1981 டிசம்பர்ல வந்துச்சு. பண்ணினது ஏகார்ன், அதுவும் கேம்பிரிட்ஜ் கம்பெனிதான். பிபிசி மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்சப்போ அதுக்காகத் தேர்ந்தெடுத்த மெஷின். உடம்பை வரைஞ்சவர் ஆலன் பூத்ராய்ட். மெரிடியன்னு ஆடியோ கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். ஸ்பெக்ட்ரம் பையில போட்டுட்டுப் போற சாமான்னா, இது ஸ்கூல் பெஞ்சு. முப்பது பசங்க தினமும் போட்டு அடிப்பாங்கன்னு தெரிஞ்சே பண்ணினது. க்ரீம் நிற உடம்பு, கறுப்புக் கீ, டைப்ரைட்டர் மாதிரி ஆழமா இறங்கும். மேலே டிவியைத் தூக்கி வச்சாலும் தாங்கும். திறக்கணும்னா எந்த ஸ்க்ரூவைக் கழட்டணும்னு உடம்புலயே ஃபிக்ஸ்னு எழுதியிருக்கும். கீபோர்டுக்கு இடதுபக்கம் ஒரு காலி இடம் உண்டு, கூடுதல் சிப் சொருகுறதுக்காக. ஜனங்க அதை ஆஷ்ட்ரேன்னு கூப்பிட்டாங்க.

இவ்வளவு அடக்கமான உடம்புல ஒரே ஒரு சத்தம், மேல் வரிசை. எஃப்0-ல இருந்து எஃப்9 வரை பத்து கீ, ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஏன் சிவப்பு? இந்தப் பத்தும் மத்த கீ மாதிரி இல்லன்னு தூரத்துல இருந்தே தெரியணும். இந்த கீகளுக்கு சொந்தமா வேலை கிடையாது. உபயோகிக்கிறவங்க எதை வேணா ஒதுக்கிக்கலாம். அதுக்குன்னே அந்த வரிசைக்கு மேல ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பட்டை வச்சிருக்காங்க. ஒரு துண்டுச் சீட்டுல எந்த கீ என்ன பண்ணும்னு எழுதி அதுக்கு அடியில சொருகிக்கலாம். அந்த மெஷின்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். மெஷினோட முகத்துல ஒரு இடத்தை டிசைனர் காலியா விட்டுட்டு, மீதியை நீ எழுதிக்கோன்னு விட்டுட்டார்.

அம்மாவுக்கு அந்த இடம் கிடைக்கல, பார்த்தீங்களா.

பெங்களூர்ல இருக்கிற ஒரு நண்பர் பழைய மெஷின் சேர்க்கிறவர். அவர்கிட்ட கெஞ்சி ஒரு பிபிசி மைக்ரோவை ரெண்டு வாரத்துக்கு வாங்கிட்டு வந்தேன். வந்ததும் பவர் போடல. இந்த மெஷின்களோட பவர் சப்ளைல இருக்கிற பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் வெடிச்சு வீடு பூரா புகை போடுறதுக்குப் பேர்போனது. முதல்ல அதை மாத்தினேன். அப்புறம் பழைய டப்பா டிவியைப் பரண்ல இருந்து இறக்கி, ஆன்டெனா வயரைச் சொருகி, சேனலைத் தேடிப் பிடிச்சேன். ஒரு தாழ்ந்த சத்தம், உடனே ஒரு பீப். ஆடியோல கேட்டவங்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். பிபிசி கம்ப்யூட்டர் 32கேன்னு திரையில வெள்ளை எழுத்து.

அம்மா கையைத் துடைச்சுட்டு வந்து உக்காந்தாங்க. ரெண்டு நிமிஷம் தொடல, பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம் நேரா சிவப்பு வரிசைக்குப் போய் எஃப்0-வை அழுத்தினாங்க.

ஒன்னும் நடக்கல.

"இதுக்காகவா இத்தனை வருஷம்?"ன்னாங்க. யாரும் வேலை ஒதுக்கலன்னா அந்த கீ ஒன்னும் பண்ணாது, டிசைனே அப்படித்தான். ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு. மெஷின் ஆன் ஆகும்போது டெலிடெக்ஸ்ட் மோடுல இருக்கும், மோடு 7. அதுல ஷிஃப்டை அழுத்திட்டு எஃப்1 அழுத்தினா திரையில ஒரு காலி இடம் விழும். அது ஒரு ரகசியக் குறி. அதுக்கு அப்புறம் அந்த வரியில அடிக்கிறது எல்லாம் சிவப்பா வரும். அம்மா ஷிஃப்ட் எஃப்1 அழுத்தினாங்க. ஒத்தை விரலால அவங்க பேரை அடிச்சாங்க. சிவப்புல வந்துச்சு. ரிட்டர்ன் அழுத்தினாங்க. பேசிக்குக்கு அம்மா பேர் ஒரு கட்டளையாத் தெரியுமா என்ன? மிஸ்டேக்னு பதில் வந்துச்சு.

அம்மா சிரிச்ச சிரிப்பை எடிட்ல நான் வெட்டவே இல்ல. "ஸ்கூல்லயும் இதேதான்டா வந்துட்டு இருக்கும். பசங்க முகம் போற போக்கைப் பார்க்கணுமே!"

அப்புறம் எஃப்2 பச்சை, எஃப்3 மஞ்சள், எஃப்4 நீலம்னு எஃப்7 வெள்ளை வரைக்கும் ஏழையும் ஒவ்வொன்னா போட்டுப் பார்த்தாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு மிஸ்டேக். காலண்டர் தாள் ஒன்னைக் கிழிச்சு, சின்னதா வெட்டி, சிவப்பு, பச்சை, மஞ்சள்னு தமிழ்ல எழுதி அந்தப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில சொருகினாங்க. நண்பர் மெஷினைத் திருப்பி வாங்கிட்டுப் போகும்போது அதைப் பார்த்தார். சீட்டை எடுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும்னு சொல்லிட்டார்.